வண்டி என்னங்க பண்ணுது?

ஓட்டி வந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் எங்கள் மேஸ்திரி ஜன்னல் வழியே தலையை நீட்டிவிடுவார். "வண்டி என்னங்க பண்ணுது?" அவ்வளவுதான் கேள்வி. எத்தனை நொடியில் சுற்றினார், யாரைத் தாண்டினார் என்பதெல்லாம் அவருக்கு இரண்டாம் பட்சம். அதைப் பார்த்துக்கொள்ள ஸ்டாப்வாட்சும் கையுமாக ஒருவர் சுவரோரம் நிற்பார். மேஸ்திரி அந்தப் பக்கம் திரும்பக்கூட மாட்டார்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. டிப்ளமோ முடித்துவிட்டுக் கோயம்புத்தூர் கணபதியில் ஒரு பட்டறையில் சேர்ந்திருந்தேன். வாசலில் அம்பாசடரும் மாருதி 800-ம் வரிசையாக நிற்கும். ஆயில் மாற்றவும் கிளட்ச் போடவும் வந்தவை. பின்கட்டில் தார்ப்பாய்க்கு அடியில் ஒரு எஸ்டீம். சீட்டெல்லாம் கழற்றி, உள்ளே இரும்புக் குழாயில் கூண்டு கட்டி வெல்டு வைத்த பந்தய வண்டி. ஓட்டியவர் மில் வைத்திருந்த ஒரு குடும்பத்துப் பையன், என்னைவிட இளையவர். மேஸ்திரி அவரைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார், ஆனால் 'ங்க' போடாமல் பேசமாட்டார். தம்பிக்கு அவர் 'அண்ணா'. எனக்கும் அண்ணாதான். நான் மட்டும் அவருக்கு 'டேய்', மனசு நன்றாக இருக்கும் நாட்களில் 'சாமி'.

பம்புசெட்டும் மோட்டாரும் செய்த ஊருக்குக் கார் பந்தயத்தில் பைத்தியம் பிடித்ததில் ஆச்சரியமில்லை. ஒரு பாகம் வேண்டுமென்றால் அடுத்த தெருவில் லேத் இருக்கும். எஸ். கரிவர்தன் இந்த ஊர்க்காரர். மாருதி 800-ன் எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் கட்டி, ஃபார்முலா மாருதி என்று எண்பதுகளின் கடைசியில் ஓடவிட்டவர். 1995-ல் விமான விபத்தில் இறந்துபோனார். செட்டிபாளையத்தில் அவர் பெயரைத் தாங்கி நிற்கும் ஓடுதளம் அதற்குப் பல ஆண்டுகள் கழித்து வந்தது. நான் சேர்ந்தபோது ஊரில் தளம் கிடையாது. பந்தயம் என்றால் ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை; 1990-ல் திறந்தது, 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள். வண்டியை டிரெய்லரில் ஏற்றி சேலம், கிருஷ்ணகிரி, வேலூர் என்று இரவெல்லாம் இழுத்துக்கொண்டு போவோம். இருங்காட்டுக்கோட்டைக்கு முன்னால் சோழவரம். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதையில் பந்தயம் நடந்த இடம். மேஸ்திரி அங்கே ஃபியட் 1100-களுக்கு ஸ்பேனர் பிடித்துத் தொழில் கற்றவர்.

அந்த சீசனின் தொடக்கத்தில் தம்பியிடமிருந்து ஒரே பதில்தான் வந்துகொண்டிருந்தது.

"மூக்கு உள்ள வரமாட்டேங்குதுங்ணா."

ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் வண்டியின் முன்பக்கம் வளைவுக்கு வெளியே நழுவிக்கொண்டே போகிறது என்று அர்த்தம். முன்சக்கரம் இழுக்கும் கார்களுக்கு இது பிறவிக் குணம். எஞ்சினும் கியர்பாக்ஸும் முன்னால் உட்கார்ந்திருக்கின்றன. இழுக்கிற வேலையும் திருப்புகிற வேலையும் அதே இரண்டு டயர்களின் தலையில். போதாததற்குக் கார் செய்பவர்கள் வேண்டுமென்றே இந்தக் குணத்தை வண்டியில் விட்டும் வைப்பார்கள். வளைவில் பயந்துபோன ஆள் முதலில் செய்வது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பது. மூக்கு நழுவும் வண்டி அப்போது தானாக அடங்கிவிடும். வால் வீசும் வண்டியோ ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் நிற்கும். ஆகவே சாலைக்கு இது நல்ல குணம். பந்தயத்தில்தான் நேரத்தைத் தின்னும்.

ஓடுதளத்தில் பக்கத்துக் கொட்டகைக்காரர்கள் ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள். எல்லா மருந்துக்கும் பெயர் ஒன்றுதான்: முன்பக்கத்தை இறுக்கு. கெட்டி ஸ்பிரிங் போடு, கெட்டி ஷாக் போடு. வழுக்குகிற இடத்தை இறுக்கினால் பிடிக்கும் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. மேஸ்திரி நேர்மாறாகச் சொன்னார். "முன்னால கையே வெக்காதே. பின்னால இறுக்கோணும்."

நோய் முன்னால், வைத்தியம் பின்னாலா என்று எனக்குப் புரியவே இல்லை. பிடிபட்டது வெல்ல மண்டித் தராசில்.

வண்டியை எடை போடுவதற்காக மண்டியிலிருந்து நான்கு பிளாட்பாரத் தராசுகளை இரவல் வாங்கிவருவோம். தரையில் சமமட்டம் பார்த்து, ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு தராசு. தம்பி உள்ளே உட்காரவேண்டும், தொட்டியில் பாதி பெட்ரோல் இருக்கவேண்டும், டயரில் காற்று சரியாக இருக்கவேண்டும். பிறகு நான்கு முள்ளையும் படித்து நோட்டில் எழுதவேண்டும். முன் இடதும் பின் வலதும் சேர்ந்தால் ஒரு மூலைவிட்டம். முன் வலதும் பின் இடதும் இன்னொன்று. இரண்டு கூட்டுத்தொகையும் கிட்டத்தட்டச் சமமாக இல்லையென்றால் வண்டி இடப்பக்கம் ஒரு மாதிரியும் வலப்பக்கம் வேறு மாதிரியும் திரும்பும். ஸ்பிரிங் உட்காரும் தட்டை மரைபோட்ட வளையத்தால் ஏற்றி இறக்கி இதைச் சரிசெய்வோம். ஒரு மூலையை ஏற்றினால் அதற்குக் குறுக்கே உள்ள மூலையும் சேர்ந்து கனக்கும், மற்ற இரண்டும் இளைக்கும். முன்பக்க மொத்தமோ இடப்பக்க மொத்தமோ மட்டும் இம்மியும் மாறாது. அவற்றை மாற்றவேண்டுமானால் பேட்டரியையோ சீட்டையோதான் நகர்த்தவேண்டும்.

அந்தத் தராசுகளைத் திருப்பிக் கொடுக்கப்போன நாளில், மண்டி வாசலில் மூட்டை இறக்குகிறவர்களைக் காட்டி மேஸ்திரி கேட்டார். "ரெண்டு பேரு ஆளுக்கொரு மூட்டை சுமந்துட்டுப் போறாங்க. இன்னொரு பக்கம் ஒருத்தன் ரெண்டு மூட்டையும் தூக்கிட்டான், அவனோட சோடி கைய வீசிட்டு நடக்கறான். ரெண்டும் ஒண்ணாடா? ரெண்டு மூட்டைக்காரன் பாதி வழியில முக்கிட்டு நிப்பான். டயரும் அப்படித்தான்."

டயரின் மேல் எடை கூடினால் பிடிப்பும் கூடும், ஆனால் எடை கூடிய அளவுக்குக் கூடாது. எடை இரண்டு மடங்கானால் பிடிப்பு இரண்டு மடங்கை எட்டாது. கார்களின் வளைவு நடத்தையில் பாதிக்குமேல் இந்த ஒரு விஷயத்தில் அடங்கிவிடுகிறது. வளைவில் வண்டி திரும்பும்போது உள்பக்கச் சக்கரங்களிலிருந்து எடை வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு மாறுகிறது. எவ்வளவு மாறும் என்பதற்குக் கணக்கு எளிது: வண்டியின் எடையைப் பக்கவாட்டு விசையால் பெருக்கி, எடைமையத்தின் உயரத்தால் பெருக்கி, இடது வலது சக்கரங்களுக்கு இடையிலுள்ள அகலத்தால் வகுக்கவேண்டும். 900 கிலோ வண்டி, எடைமையம் அரை மீட்டர் உயரத்தில், அகலம் 1.4 மீட்டர், புவியீர்ப்பில் 0.8 பங்கு விசையில் திரும்புகிறது என்றால் சுமார் 257 கிலோ இடம் மாறும். பக்கத்துக்கு 450 கிலோவாக நின்ற வண்டி வளைவில் ஒரு பக்கம் 193, மறுபக்கம் 707 என்று ஆகிவிடும்.

இதில் முக்கியமானது என்னவென்றால் அந்தக் கணக்கில் ஸ்பிரிங்கே கிடையாது. கல்லுப் போன்ற ஸ்பிரிங் போட்டாலும் கிட்டத்தட்ட அதே 257 கிலோ மாறத்தான் செய்யும். வண்டி சாய்வது குறையும், எடை மாறுவது குறையாது. ஸ்பிரிங்கும், இடது வலது சக்கரங்களை இணைத்து வண்டி சாய்வதைக் குறைக்கும் முறுக்குக் கம்பியான ஆன்டி ரோல் பாரும் தீர்மானிப்பது, அந்த 257-ல் முன்பக்க ஜோடியின் பங்கு எவ்வளவு, பின்பக்க ஜோடியின் பங்கு எவ்வளவு என்பதைத்தான். எந்தப் பக்கம் இறுக்கமோ அந்தப் பக்கம் அதிகப் பங்கை வாங்கிக்கொள்ளும். அந்தப் பக்கத்து வெளி டயர்தான் இரண்டு மூட்டைக்காரன். பின்பக்கத்தை இறுக்கினால் பின்னால் உள்ள பிடிப்பைக் கொஞ்சம் இழக்கிறோம், முன் டயர்களுக்கு மூச்சு கிடைக்கிறது. மூக்கு உள்ளே வருகிறது.

இதையெல்லாம் நான் காகிதத்தில் படித்தது காரல் ஸ்மித் எழுதி 1978-ல் வெளிவந்த 'ட்யூன் டு வின்' புத்தகத்தில். அதன் ஜெராக்ஸ் ஒன்று பட்டறையில் கிரீஸ் கறையோடு கிடந்தது. மேஸ்திரிக்கு ஆங்கிலம் படிக்க வராது. சாயங்காலம் நான் ஒரு பக்கத்தைப் படித்துத் தமிழில் சொல்வேன், அவர் பீடியை அணைத்துவிட்டுக் கேட்பார். பாதி நேரம், "இது தெரிஞ்சதுதானேடா, மேல போ" என்பார். மீதி நேரம் ஒன்றும் பேசாமல் எழுந்துபோய் வண்டிக்கு அடியில் படுத்துக்கொள்வார்.

பின்பக்கத்துக்கு ஒரு ஆன்டி ரோல் பாரை ஊரிலேயே செய்தோம். எங்கள் வண்டி ஓடிய பந்தயப் பிரிவின் விதிகள் அதற்கு இடம் கொடுத்தன. ஸ்பிரிங் எஃகுக் கம்பியை உலையில் காய்ச்சி வளைத்து, மறுபடி பதம் ஏற்றி வாங்கினோம். முறுக்குக் கம்பியின் இறுக்கம் விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். 16 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதில் 18 போட்டால், பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் இறுக்கம் 60 சதவீதம் கூடிவிடும். அதனால் கம்பியை மாற்றாமல், அதன் கைப்பகுதியில் மூன்று துளை போட்டோம். கை குட்டையாகும் துளையில் மாட்டினால் இறுக்கம், நீளமாகும் துளையில் மாட்டினால் இளக்கம். பந்தய நாளில் இரண்டு போல்ட்டைக் கழற்றி மாட்டினால் போதும்.

அடுத்த முறை இருங்காட்டுக்கோட்டையில் ஒரு விசித்திரமான காட்சி. இறுக்கமான வளைவுகளில் எங்கள் எஸ்டீம், உள்பக்கப் பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிக்கொண்டு மூன்று காலில் போனது. வேடிக்கை பார்க்க வந்த ஒருவர் வண்டி கவிழப்போகிறது என்று கத்தினார். மேஸ்திரி திரும்பிப் பார்க்கவில்லை. முன்சக்கர வண்டியில் பின்சக்கரம் இழுக்கிற சக்கரமல்ல. அது காற்றில் இருந்தால் நஷ்டம் குறைவு. ஆனால் அது தூக்கிய பிறகு பின்பக்கத்தை மேலும் இறுக்குவதில் பயனில்லை. அங்கே மாற்றுவதற்கு எடை மிச்சமே இல்லை. அதற்கு மேல் மாறுவதெல்லாம் முன்பக்கத்தின் கணக்கில் போய்ச் சேரும். "கால் தூக்குச்சுன்னா, அந்த மருந்து முடிஞ்சுதுன்னு அர்த்தம். வேற மருந்து பாக்கோணும்" என்பார்.

வேறு மருந்து கேம்பர். சக்கரம் மேலே உள்பக்கமாகச் சாய்ந்து நிற்கும் அளவு. எஸ்டீமின் முன்பக்கத்தில் இருப்பது மெக்பெர்சன் ஸ்ட்ரட். எர்ல் மெக்பெர்சன் வடிவமைத்து, 1950-களின் தொடக்கத்தில் பிரிட்டனில் ஃபோர்டு கார்களில் வந்து, பிறகு உலகத்துச் சின்னக் கார்களில் பெரும்பாலானவை எடுத்துக்கொண்ட அமைப்பு. மலிவு, இடம் குறைவு, பாகம் குறைவு. அதன் பலவீனம், உடம்பு சாயும்போது சக்கரமும் கூடவே சாய்ந்துவிடும். வளைவில் வெளி டயர் தன் வெளிவிளிம்பில் ஏறி நிற்கும், உள்விளிம்பு சும்மா போகும்.

இதைக் கண்ணால் பார்த்துச் சொல்லமுடியாது. வண்டி உள்ளே வந்த கையோடு, டயர் ஆறுவதற்கு முன், ஊசிமுனை தெர்மாமீட்டரை ரப்பருக்குள் குத்தி உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என்று மூன்று இடத்தில் சூடு பார்க்கவேண்டும். என் வேலை அது. சித்திரை வெயிலில் தார் கொதிக்க, முழங்கால் போட்டுக் குத்திக்கொண்டே கத்துவேன்; வேறொருவர் எழுதுவார். நடுவில் சூடு அதிகம் என்றால் காற்று கூடுதல். இரு விளிம்பும் சூடு, நடு குளிர்ச்சி என்றால் காற்று குறைவு. எங்கள் வண்டியில் வெளிவிளிம்பு உள்விளிம்பைவிட இருபது டிகிரிக்கும் மேல் சூடாக இருந்தது. டயரின் அகலத்தில் பாதிதான் வேலை செய்கிறது என்று இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது.

கம்பெனி அமைப்பில் கேம்பரை மாற்ற வழியில்லை. ஸ்ட்ரட்டைச் சக்கரத்தோடு சேர்க்கும் இரண்டு போல்ட்டுகளில் மேல் துளையை அரத்தால் நீளவாக்கில் ராவி, சக்கரத்தின் மேல்பகுதியை உள்ளே தள்ளி, நழுவாமலிருக்கத் தடித்த வாஷரை வெல்டு வைத்தோம். இரண்டரை டிகிரிக்கு வந்தது. கேம்பர் மாறினால் டோவும், அதாவது மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவும், கெட்டுவிடும். ஆகவே மறுபடி அதைப் பிடிக்கவேண்டும். கம்ப்யூட்டர் அலைன்மென்ட் எல்லாம் ஓடுதளத்தில் ஏது? வண்டியின் இருபுறமும் ஸ்டாண்டு வைத்து, நைலான் கயிற்றை இணையாக இழுத்துக் கட்டி, ரிம்மின் முன் விளிம்பும் பின் விளிம்பும் கயிற்றிலிருந்து எவ்வளவு தூரம் என்று எஃகு ஸ்கேலில் அளப்போம். முன்சக்கரங்கள் மூக்கில் ஒரு மில்லிமீட்டரோ இரண்டோ வெளியே விரிந்திருந்தால் வண்டி ஸ்டியரிங்குக்கு உடனே பதில் சொல்லும். நேர்ப்பாதையில் கொஞ்சம் அலையும், பரவாயில்லை. பின்சக்கரங்கள் மட்டும் ஒருபோதும் விரியக்கூடாது என்பது எங்கள் பட்டறைச் சட்டம்.

இதற்கெல்லாம் விலை உண்டு. கேம்பரைக் கூட்டினால் நேராகப் போகும்போது டயர் உள்விளிம்பில் நிற்கும். பிரேக் அடிக்கும்போது அந்த அளவுக்குப் பிடிப்பு போகும். பின்பார் இறுகிய பிறகு, வளைவின் நடுவில் காலை எடுத்தால் வால் வீசியது. "எடுக்காதீங்க தம்பி, கால லேசா வெச்சே இருங்க" என்று மேஸ்திரி சொன்னதைத் தம்பி பழக்கமாக்கிக்கொள்ளக் கொஞ்ச காலம் பிடித்தது.

மேஸ்திரியின் கேள்விக்கு இரண்டாம் பகுதி ஒன்று உண்டு. "வண்டி என்னங்க பண்ணுது?" என்பதற்குப் பதில் வந்ததும், "எங்கீங்க பண்ணுது? நுழையறப்பவா, நடுவுலயா, வெளிய வர்றப்பவா?" என்பார். நல்ல ட்யூனருக்கும் பாகம் விற்பவருக்கும் வித்தியாசம் இந்த இரண்டாம் கேள்விதான் என்பது என் தீர்மானமான கருத்து. வளைவின் நடுவில், வண்டி ஒரே சாய்வில் நிலைத்துவிட்டபோது, ஷாக் அப்சார்பருக்கு வேலையே இல்லை. ஷாக் என்பது அசையும்போது மட்டும் எதிர்ப்பது. ஆகவே நடுவில் மூக்கு நழுவினால் ஷாக்கை மாற்றிப் பயனில்லை. ஸ்பிரிங், பார், கேம்பர், காற்று இவற்றைப் பார்க்கவேண்டும். நுழையும்போது தகராறு என்றால் ஷாக், டோ, பிரேக் பிடிக்கும் விதம். வெளியே வரும்போது என்றால் ஆக்சிலரேட்டரை எவ்வளவு சீக்கிரம் மிதிக்கிறார் என்பதையும் சேர்த்து விசாரிக்கவேண்டும். தம்பியிடம் அதை விசாரிக்கும்போது மேஸ்திரியின் 'ங்க' இரண்டு மடங்காகும்.

ஷாக் வேலைக்கு உக்கடத்தில் ஒருவர் இருந்தார். பழைய ஷாக்கை அறுத்துத் திறந்து, மரைபோட்ட மூடி வெல்டு வைத்து, மறுபடி மறுபடி கழற்றக்கூடியதாக ஆக்கித் தருவார். உள்ளே பிஸ்டனில் மெல்லிய தகடுகள் அடுக்கியிருக்கும். எண்ணெய் அவற்றை வளைத்துக்கொண்டுதான் போகவேண்டும். தகட்டைக் கூட்டினால் இறுக்கம். அமுங்கும்போது ஒரு அடுக்கு, விரியும்போது வேறு அடுக்கு. விரியும் பக்கத்தை எல்லோரும் ஆசைப்பட்டு இறுக்குவார்கள், வண்டி கட்டுக்கோப்பாகத் தெரியும் என்று. அளவு மீறினால், தொடர்ந்து மேடுபள்ளம் வரும் இடத்தில் ஸ்பிரிங் விரிய நேரம் கிடைக்காமல் வண்டி ஒவ்வொரு மேட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே உட்கார்ந்துகொண்டே போகும். கடைசியில் பம்ப் ஸ்டாப் ரப்பரில் போய் இடிக்கும். அந்த நொடியில் ஸ்பிரிங் இருக்கிறதா இல்லையா என்பது கேள்வியே இல்லை. அந்த மூலை கட்டை. பிடிப்பு படாரென்று விட்டுப்போகும்.

ஒரு பந்தயத்தில் காலையில் மழை பிடித்துக்கொண்டது. பிடிப்பு குறைந்தால் எடை மாறுவதும் குறையும், வண்டி சாயாது, இறுக்கமெல்லாம் எதிரியாகிவிடும். மேஸ்திரி பின்பாரின் இரண்டு போல்ட்டையும் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டார். பார் வண்டியில் தொங்கியது, வேலை செய்யவில்லை. காய்ந்த தரையில் எங்களைவிட வேகமாகப் போன வண்டிகளில் இரண்டு, மழையில் வால் வீசிப் புல்லில் போய் நின்றன. தம்பி முதல் மூவரில் ஒருவராக வந்தார். கோப்பை மில்லுக்குப் போனது.

பின்னாளில் நான் தனியாக ஒரு வீல் அலைன்மென்ட் கடை வைத்தேன். பந்தய வண்டிகளைவிடச் சாலை வண்டிகள் மேல் எனக்கு அக்கறை வந்தது அப்போதுதான். சஸ்பென்ஷன் விஷயத்தில் சாலையில் நடக்கும் அக்கிரமம் பந்தயத்தில் நடப்பதில்லை.

முக்கியமான அக்கிரமம் ஸ்பிரிங் வெட்டுவது. வண்டி தாழ்வாக இருந்தால் அழகு என்று ஒன்றரைச் சுற்று வெட்டிக்கொண்டு வருவார்கள். சிலர் வெட்டக்கூடச் சோம்பல்பட்டு கேஸ் டார்ச்சால் காய்ச்சி அமுக்கியிருப்பார்கள். காய்ச்சினால் எஃகின் பதம் போய்விடும். வெட்டினால் ஸ்பிரிங்கின் முனை உட்கார வேண்டிய இடத்தில் உட்காராது. பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது இருப்பிடத்தைவிட்டு விலகும். சுற்று குறைந்ததால் ஸ்பிரிங் கெட்டியும் ஆகும், ஆனால் ஷாக் பழைய ஷாக். கெட்டி ஸ்பிரிங்கை அடக்க அதற்குத் தெம்பு போதாது. வண்டி குதித்துக்கொண்டே இருக்கும்.

இதையெல்லாம்விட யாரும் எதிர்பார்க்காத ஒன்று உண்டு. ஸ்ட்ரட் வைத்த வண்டியைத் தாழ்த்தினால், சக்கரத்தைக் கீழே வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்ம் வெளிப்பக்கம் மேல்நோக்கிச் சாயும். வண்டி எந்த மையத்தைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த மையம், எடைமையம் இறங்குவதைவிட வேகமாகக் கீழே இறங்கிவிடும். இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரம்தான் சாய்வதற்கான நெம்புகோல். அது நீளும். தாழ்த்திய வண்டி முன்பைவிட அதிகமாகச் சாய விரும்பும்! கெட்டி ஸ்பிரிங் அதை மறைத்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். ஸ்டியரிங் ராடின் கோணமும் மாறிவிடுவதால் ஒவ்வொரு மேட்டிலும் சக்கரம் தானாகக் கொஞ்சம் திரும்பும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டப்படி மாற்றுவதைத் தடுக்கிறது. சட்டத்துக்குப் பயப்படாதவர்கள் இந்த நெம்புகோலுக்காவது பயப்படலாம்.

வேறொரு வகையினர் முன்பக்கத்துக்கு மட்டும் கெட்டி ஸ்பிரிங் போடுவார்கள், பின்னால் குழந்தைகள் உட்காருவதால். பலன் நேர்மாறு. ரோல்ஸ்ராய்ஸில் இருந்து 1930-களில் ஜெனரல் மோட்டார்ஸுக்குப் போன மாரிஸ் ஓலி என்ற பொறியாளர், முன்பக்கம் பின்பக்கத்தைவிட மெதுவாக ஆடவேண்டும் என்று கண்டு சொல்லியிருக்கிறார். மேட்டில் முதலில் ஏறுவது முன்சக்கரம். தாமதமாக ஏறும் பின்சக்கரம் கொஞ்சம் வேகமாக ஆடினால்தான் முன்பக்கத்தை எட்டிப்பிடிக்கும். இரண்டும் சேர்ந்து ஏறி இறங்கும், வண்டி மட்டமாகப் போகும். முன்பக்கத்தை இறுக்கிவிட்டால் வண்டி தலையாட்டிக்கொண்டே போகும், பின்சீட்டில் வாந்திதான்.

ஒரு டாக்டர் வந்தார். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். மாதத்தில் சில முறை அங்கே போய்வருபவர். வண்டி வளைவில் மிதக்கிறது, சொன்ன இடத்தில் நிற்கவில்லை, பார், ஸ்பிரிங், ஷாக் எல்லாம் மாற்றவேண்டும் என்று வேறிடத்தில் பெரிய தொகைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்றார். அவரோடு உட்கார்ந்து ஆனைமலைப் பக்கம் ஓட்டிப் பார்த்தேன். நுழையும்போது ஒரு தயக்கம், பிறகு திடீரென்று ஒரு திருப்பம். கடைக்கு வந்து லிஃப்டில் ஏற்றி, லோயர் ஆர்மின் பின் புஷ்ஷில் கடப்பாரையை வைத்து நெம்பினேன். ரப்பர் உலோகத்தைவிட்டு முழுக்க வந்துவிட்டது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரம் திரும்புவதற்கு முன் ஆர்மே நகர்ந்துகொண்டிருந்தது. பின் டயர்களில் முன் டயர்களைவிடப் பத்து பவுண்டு காற்று குறைவு. இரண்டு புஷ், காற்று, அலைன்மென்ட். அவரிடம் வாங்கிய தொகை அந்தச் சீட்டில் எழுதியிருந்த ஒரு ஷாக்கின் விலைகூட இல்லை. பார் போடவேண்டிய வண்டிகளும் இருக்கின்றன. அவரது வண்டி அதில் ஒன்றல்ல.

உங்கள் வண்டியும் வளைவில் சரியில்லை என்று தோன்றினால், முதலில் டிரைவர் பக்கக் கதவைத் திறந்து அங்கே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் காற்றின் அளவைப் பாருங்கள். காலையில், வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது நான்கிலும் அந்த அளவைப் பிடியுங்கள். பிறகு ஒரு மெக்கானிக்கை அடியில் படுக்கவைத்து, புஷ், பால் ஜாயின்ட், ஷாக்கில் எண்ணெய்க் கசிவு இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். அதன் பிறகும் குறை இருந்தால், வளைவின் எந்த இடத்தில் அது வருகிறது என்று குறித்துக்கொண்டு ட்யூனரிடம் போங்கள். அந்த இடத்தை அவர் உங்களிடம் கேட்காமலேயே விலை சொன்னால், சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.